என்னைச் சேர்க்காத 'எல்லாரும்'

தாத்தா ராணுவம், அப்பா ராணுவம், அண்ணன்கள் இருவரும் போலீஸ். நான் மட்டும் தட்டைப் பாதம் என்று ராணுவ ஆள்சேர்ப்பில் திருப்பி அனுப்பப்பட்டவன். அதற்குப் பிறகும் யார் கேட்டாலும் அப்பா, "நம்ம வீட்டு ஆம்பளைக எல்லாரும் யூனிபார்ம்தான்" என்பார். பக்கத்தில் நான் குத்துக்கல் மாதிரி நின்றுகொண்டிருப்பேன்.

வங்கித் தேர்வுக்காக ராஜபாளையத்தில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். மாதிரித் தேர்வில் ஒரு கேள்வி. 'எல்லா வீரர்களும் உயரமானவர்கள்' என்பது பொய்யென்றால் எது நிச்சயம் உண்மை? 'எந்த வீரரும் உயரமானவர் இல்லை' என்று குறித்தேன். வகுப்பில் பாதிப்பேர் அதையேதான் குறித்திருந்தார்கள், பெரும்பாலும் என்னைப் போன்ற பட்டாளத்து வீட்டுப் பிள்ளைகள். எங்கள் வீடுகளில் சண்டையானாலும் பாசமானாலும் ஒன்று அத்தனை பேரும், இல்லையென்றால் ஒருத்தரும் கிடையாது. நடுவில் பேச்சே இல்லை.

பாடம் எடுத்த பெண் என்னைவிடச் சின்னவர். உயரமானவர்களுக்கு ஒரு வட்டம் போட்டு, அதற்கு வெளியே ஒரு புள்ளி வைத்தார்.

"உயரமில்லாத வீரர் ஒருத்தர் இருந்தாப் போதும், அந்த வாக்கியம் அவுட். மத்தவங்களையும் ஏன் சார் குள்ளமாக்குறீங்க?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. அத்தனை பெரிய 'எல்லாரும்' என்ற சொல்லை ஒரே ஒரு ஆள், சும்மா இருந்தே பொய்யாக்கிவிட முடியுமா! அண்ணன்களைக் குறைத்துப் பேச வேண்டாம், அப்பாவோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். நான் இருந்தால் போதும். அப்பாவின் வாக்கியம் நிற்க வேண்டுமென்றால் நான் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் உறைத்தது. அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரமிப்போடு அழுகையும் வந்தது.

புரட்டாசி சனிக்கிழமை, அப்பாவோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலை என்ற குன்றுக்கோயிலுக்குப் பெருமாளைச் சேவிக்கப் போனேன். படியில் அப்பாவின் பழைய பட்டாளத்துக் கூட்டாளி எதிரே வந்தார்.

"பயலுக என்னய்யா பண்ணுதானுக?"

"எல்லாரும் யூனிபார்ம்தான்."

"நான் இல்ல மாமா," என்றேன். "பேங்க் பரீட்சைக்குப் படிக்கேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது யாருய்யா?"

கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு மேலே ஏறியது.

"ஆமா, எல்லாரும் இல்ல," என்றார் அப்பா. "இவன் என் கடைசி மகன்."