மாணிக்கம் கேட்ட தண்ணீர்ச் சோதனை

ரவாங்கிலிருந்து காலை ரயிலில் வந்த ஒருவர் பட்டறை வாசலில் நின்றபடியே சொன்னார், மாணிக்கம் நேற்று மாலை இறந்துபோய்விட்டார் என்று. கையிலிருந்த தகரக் கத்தரியைக் கீழே வைத்தேன்.

செந்தூலில் எங்கள் தகரப் பட்டறையில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். கூடுதல் சம்பளமுள்ள முதல் கிரேடுக்கு ஆள் எடுப்பது அந்த நாளில் மேஸ்திரியின் வாய்ச்சொல்தான். அவர் வீட்டுக்குக் கோழி போனால் நம் பெயர் மேலே போகும். நானும் இரண்டு தடவை கோழி தூக்கிப் போனவன். மாணிக்கம் மட்டும் துரையிடம் நேரே போனார். ஆளுக்கொரு எண்ணெய் கேன் செய்யட்டும், தண்ணீர் ஊற்றிக் காகிதத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம் என்றார். மேஸ்திரி முறைத்தார். “தண்ணிக்கு யாரு வேண்டப்பட்டவன்னு தெரியாதுங்க” என்றார் மாணிக்கம்.

துரை ஒப்புக்கொண்டார். காலியாக இருந்தது ஒரே இடம். எங்களில் கைத்திறன் மிகுந்தவர் மாணிக்கம்தான். ஆனால் அவருடைய கேனுக்கு அடியில் காகிதம் நனைந்தது. என்னுடைய கேனுக்கு அடியில் மட்டும் நனையவில்லை. இன்னொன்று செய்யும்படி துரையே சொன்னார். மாணிக்கம் சம்மதிக்கவில்லை.

“எனக்கு மட்டும் ரெண்டு தடவைன்னா அது சோதனை இல்லீங்க. அவனுக்கே குடுங்க.”

அது ஏன் ஒழுகியது என்று உங்களில் யாருக்கும் தெரியாது. ஈயம் பிடிப்பதற்காகப் பூசும் திராவகத்தை அவரவர் புட்டியில் வைத்திருப்போம். அவர் புட்டியில் முந்தின நாள் தண்ணீர் கலந்தவன் நான். என் மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பேசியிருந்த சமயம். அதைக் காரணமாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து அடுத்த இடம் வந்தது. அதே சோதனையில் அவர் மேலே வந்தார். அன்று சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸ் காப்பிக்கடையில் அவரிடம் ஒப்புக்கொண்டேன். காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

“தெரியும்பா. காகிதம் நனைஞ்சதுமே புட்டியை மோந்து பார்த்தேன். வாசமே இல்ல.”

“பின்னே ஏன் துரைகிட்ட சொல்லல?”

“சொல்லியிருந்தா உன் வேலை போயிருக்கும். கூடவே சோதனையும் போயிருக்கும். இதுலயும் திருட்டுத்தனம்தான்னு மேஸ்திரி சொல்லியிருப்பான். மறுபடி எல்லாரும் பாசார் சந்தைல போயி மேஸ்திரிக்குக் கோழி வாங்கணும்.”

அதன் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. இதை வாசிக்கும் உங்களில் பலர் அந்தக் காகிதத்தின் மேல் கேன் வைத்துத்தான் மேலே வந்தீர்கள். அவருடையது என்று என்னிடம் இருப்பது, அவருக்கு வந்திருக்க வேண்டிய அந்த இரண்டு வருட முதல் கிரேடு. அந்தச் சம்பளத்தில்தான் என் மகளின் கல்யாணம் நடந்தது. முன்வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட்டவர் மாணிக்கம்.