காலி அட்டை கேட்ட நாள்

அந்த மாத்திரைப் பெட்டி உள்ளங்கை அகலம்தான் இருக்கும். என் அண்ணி அதைச் சமையலறைப் பரணில், மிளகாய்த் தூள் டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தார். 2004 டிசம்பரில் கடல் எங்கள் குப்பத்துக்குள் புகுந்தபோது பின்சுவரோடு அதுவும் போயிற்று.

அண்ணிக்கு ரத்தப் புற்றுநோய். அந்த ஆண்டுக் கோடையில், மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரும்போது மயங்கி விழுந்த பிறகுதான் தெரிந்தது. பார்க்க வந்தவர்கள், உயிரோடு இருப்பவரிடமே துக்கம் விசாரித்தார்கள். "அழுவுறதா இருந்தா வெளிய போய் அழுவுங்க" என்று அண்ணி பாயைச் சுருட்டிவிட்டார். நோயின் வேரான மரபணுப் பழுதை மட்டும் குறிவைக்கும் மாத்திரை அப்போது புதிது. சென்னை ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுத்தார்கள். கண்ணிமை வீங்கியது, கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. ஆனால் சில மாதங்களில் அண்ணி எழுந்து நடமாடி, பழையபடி என் அண்ணனை அதட்டத் தொடங்கிவிட்டார்.

கடல் வந்துபோன மூன்றாம் நாள், முகாமில் கொடுத்த நீளம் போதாத சேலையோடு என்னையும் இழுத்துக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறினார். நான் அப்போது நர்சிங் முதலாண்டு. மாத்திரை கொடுக்கும் ஜன்னலில் இருந்தவர், தீர்ந்துபோன காலி அட்டையைக் காட்டினால்தான் புதியது என்றார்.

"கடலாண்ட போய்க் கேளு சார். அதுதான் எடுத்துக்கினு போச்சு. மாத்திரை வாங்காம நான் இங்கருந்து எழுந்துக்க மாட்டேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மதியம் டாக்டரே இறங்கி வந்து கையெழுத்துப் போட்டார்.

2006இல் அந்த மாத்திரை வேலை செய்யாமல் போனது. நோய் அதைத் தாண்டப் பழகிவிட்டது என்றார் டாக்டர். எலும்பு மஜ்ஜை மாற்ற, உடன்பிறந்தோர் யாருடையதும் பொருந்தவில்லை. வேறு வழியே இல்லையா என்று கேட்டதற்கு அவர் எதையும் மறைக்கவில்லை. உடம்பைக் காக்கும் ரத்த அணுக்களை வெளியே எடுத்து, நோயை அடையாளம் காணும்படி மாற்றி, திரும்ப ஏற்றும் ஆராய்ச்சி வெளிநாட்டில் நடக்கிறது. இங்கே வரப் பல வருடமாகும் என்றார்.

அண்ணி சற்று யோசித்தார். "அது வந்தாலும் மாத்திரைய நிறுத்தாதீங்க சார். கரைவலைய ஒரு பக்கம் மட்டும் இழுத்தா மீனு அந்தாண்ட பூடும். ரெண்டு பக்கமும் இழுக்கணும்."

டாக்டர் சிரிக்கவில்லை. "நீங்க சொல்றது சரியா கூட இருக்கலாம்மா" என்றார்.

அந்த ஐப்பசியில் அண்ணி இறந்தார்.

இன்று நான் வேலை செய்யும் வார்டுக்கு அந்த அணுக்கள் சின்னப் பையில் உறைந்து வருகின்றன. போன மாதம் கல்லூரிப் பெண் ஒருத்திக்கு ஏற்றினோம். கூடவே, குறிவைக்கும் மாத்திரையில் புதிதாக வந்த ஒன்றும். எல்லோருக்கும் இது பலிப்பதில்லை. அவளுக்கு இதுவரை பலித்திருக்கிறது. டிஸ்சார்ஜ் அன்று லிப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கிப் போனாள்.

ஊருக்குப் போனால் இன்னும் யாராவது, "பாவம், உங்கண்ணி போராடித் தோத்துட்டா" என்பார்கள். நான் விடுவதில்லை.

"எங்கண்ணி எங்க தோத்தாங்க? மருந்துதான் லேட்டா வந்துச்சு."