5,040-ஐப் பதினொன்றால் வகுத்தால்

1. முதல் நாள்

உயர்தர வகுப்பில் கணிதம் படித்த கையோடு, பெல்மதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கன்று வளர்க்கும் நர்சரிக்குச் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். காடாகிக் கிடந்த ஒரு மலையைத் தொழிலாளர் குடும்பங்களுக்குச் சமமாகப் பிரித்து, நடுவதற்குத் தேயிலைக் கன்றும் கொடுக்கப்போகிறார்கள். விளையும் கொழுந்தைத் தோட்டமே வாங்கிக்கொள்ளும்.

"எத்தனை கன்னு போடலாம் தம்பி?" என்று தோட்டத்து மேனேஜரான தொரை கேட்டார்.

"ஐயாயிரத்து நாப்பது சார்!"

ஒன்றிலிருந்து ஏழு வரை பெருக்கினால் வரும் எண் அது. அதற்கு அறுபது காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. "பத்துக் குடும்பம் வரைக்கும் எத்தனை வந்தாலும் மீதியில்லாமப் பிரியும் சார்."

"ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொன்னார் தொரை. "ஒரு கன்னுகூட மிஞ்சக்கூடாது. மிஞ்சினா அதுக்கொரு கரச்சல் வரும்."

2. பதினோராவது பெயர்

பத்துக் குடும்பம் பெயர் பதிந்தது. கொழுந்தெடுக்கும் செல்வராணி அக்கா அந்த வாரம் மகளோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். திரும்பி வந்ததும் தொரையைப் பார்த்துவிட்டு நேரே நர்சரிக்கு வந்தார்.

"பதினொண்ணுக்குச் சரிவராதுன்னு தொர சொல்லிட்டாரு. ஒங்க நம்பருக்கு எம்மேல என்ன தம்பி கோவம்?"

எனக்கு உற்சாகம்தான் வந்தது. "பதினொண்ணுக்குத்தான் ஒத்துவராதுக்கா, பன்னெண்டுக்கு வரும்! ஆளுக்கு நானூத்தி இருபது. இன்னொருத்தர மட்டும் புடிங்க."

தொரையும் சம்மதித்தார். தொழிலாளர் வரிசை வீடுகளில் லயம் லயமாக ஏறி இறங்கினோம். பாதி வீடுகளில் இளவட்டங்கள் கொழும்பில். கடைசியில் ஃபெக்டரி மோகன் அண்ணன் சரியென்றார். கன்று கொடுப்பதற்கு முந்திய நாள் அவரும் கொழும்பில் ஒரு கடை வேலைக்குப் பஸ் ஏறிவிட்டார்.

3. ரெண்டு கன்று

ஆளுக்கு 504 என்று பத்துப் பேருக்குக் கொடுத்தோம். ஒன்றுகூட மிஞ்சவில்லை. தன் பங்கை அடுக்கிக்கொண்டிருந்த புஷ்பம் கேட்டாள்: "செல்வராணியச் சேத்திருந்தா எத்தன மிஞ்சும்?"

"ரெண்டு."

"ரெண்டா? அந்த ரெண்டுக்கா அவள அலைய விட்டீங்க?"

"ஒங்களுக்கும் நாப்பத்தாறு கொறைஞ்சிருக்குமே."

"எல்லாருக்குந்தானே கொறையுது. எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா? அந்த ரெண்டையும் கோயிலடியில நட்டிருப்போம்ல."

கேட்கவில்லை. தொரையும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பன்னிரண்டாவது ஆளைத் தேடி அத்தனை லயம் ஏறியவன், பதிந்திருந்த பத்துப் பேரின் வாசலில் மட்டும் நிற்கவில்லை.

இந்த வருடம் அடுத்த மலைக்கு மறுபடி 5,040 போட்டேன். ஒரு கன்று பட்டுப்போய் 5,039 தேறியது. பகா எண். எத்தனை குடும்பம் வந்தாலும் கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும். தொரையிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். "மிஞ்சட்டும், வர்றவங்கள எழுது" என்றார்.

செல்வராணி அக்காவுக்கு ஆள் அனுப்பினேன். எம்பிலிப்பிட்டியப் பக்கம் வாழைத் தோட்டமொன்றில் வேலையாம். வரவில்லை.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்னிடம் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: எண்ணைத் தேர்ந்தெடுக்குமுன் ஆட்களைக் கேளுங்கள்.