டெனீஸ் தேறவைத்த வீட்டுப் பட்டியல்

சுனாமிக்கு அடுத்த வருடம் உதவி நிறுவனமொன்று மீனவர்களுக்குப் படகு கொடுத்தது. செய்தவர்களே அவற்றை அசையாத வாவித் தண்ணீரில் மிதக்கவிட்டு, திறமான படகு என்று சான்றும் எழுதிக்கொண்டார்கள். வெட்கங்கெட்ட வேலை! பரிசோதகராகச் சேர்ந்த டெனீஸ் விட்டாளா? மட்டக்களப்பு டவுனில் மெக்கானிக் குடும்பத்தில் பிறந்த பறங்கிப் பெண் அவள். வலை, ஐஸ்பெட்டி, மூன்று ஆட்கள் எல்லாம் ஏற்றிக் கல்குடா அலைக்குள் இறக்கினாள். பதினொரு படகில் நான்கு ஒழுகின. திருத்தும்வரை ஒப்பம் வைக்கவில்லை.

வீடுகள் கட்டி முடிய மேலும் நான்கு வருடம் பிடித்தது. யாருக்கு எந்த வீடு என்று பட்டியல் போட ஒரு மென்பொருள் வந்தது. அதையும் டெனீஸிடமே கொடுத்தார் மேலாளர்.

"இது படகு இல்லையே, மிஸ். சும்மா ஒருக்காப் பாருங்க."

"ரெண்டும் ஒண்டுதான் சேர். பாவிக்கிற ஆளை வெச்சுத்தான் பாக்கோணும்."

காத்தான்குடித் தையல்காரி நபீஸாவின் விபரங்களைப் பதிந்து பார்த்தாள். கடல் கொண்டுபோனது நபீஸாவுக்குத் தாய் சீதனமாகக் கொடுத்த வீடு. இந்தப் பக்கத்தில் வீடென்றால் பெண்ணுக்குத்தான். ஆனால் அந்த மென்பொருள், ஆணா பெண்ணா என்று காட்டும் அடையாள அட்டை இலக்கத்தைக் கொண்டு பெண்ணென்று கண்டுபிடித்து, குடும்பத் தலைவராக ஏற்கமாட்டேன் என்றது. அவளை விவாகரத்துச் செய்துவிட்டு ஓட்டமாவடி ஊரில் வேறு கலியாணம் முடித்த முன்னாள் கணவன் இர்ஷாதின் பெயரைப் போட்டதும் வாயெல்லாம் பல்லாக ஏற்றுக்கொண்டது. மென்பொருளைச் செய்தவர்கள் இருபது ஆண்களின் பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கைகழுவியிருந்தார்கள்.

டெனீஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேலாளரிடம் போய்ப் பிழையைச் சொன்னாள்.

"வீடு குடுக்கிற விழாவுக்குத் திகதி வெச்சாச்சு மிஸ். கொம்பியூட்டர்தானே, ரெண்டு வரி மாத்தினாச் சரி. அடுத்த மாசம் திருத்துவம்" என்றார் மேலாளர்.

படகென்றால் இந்தச் சாக்கை அவள் காதிலேயே போட்டிருக்கமாட்டாள். இரும்பும் பலகையும் இல்லாத சாமான்தானே, எந்நேரமும் திருத்தலாம் என்று நம்பி ஒப்பம் வைத்தாள். அங்கேதான் அவள் பிழை விட்டாள். அடுத்த மாதம் ஒருவரும் அதைத் தொடவில்லை.

யுத்தம் முடிந்து நான்கு வாரம் கழித்து விழா நடந்தது. பிரமுகர்களுக்கு மாலை, பேச்சு, குளிர்பானம், எல்லாம் குறைவில்லாமல் இருந்தன. ஏழாம் இலக்க வீட்டுக்கு இர்ஷாதைக் கூப்பிட்டார்கள். அவன் சிரித்தபடி மேடையேறிக் கதவுத் திறப்பை வாங்கினான். கூட்டம் கைதட்டியது.

நபீஸா, டெனீஸ் உட்கார்ந்திருந்த கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் அழவில்லை.

"எண்ட பேரைக் கொம்பியூட்டர் எடுக்காது எண்டு ஒங்களுக்குத் தெரியாதா மிஸ்? பாக்காமலா ஒப்பம் வெச்சீங்க?"

டெனீஸ் எழுந்து நின்றாள்.

"இல்ல நபீஸா. பாத்துத்தான் வெச்சன்."