சீசன் டிக்கெட்டைக் காட்டினேன்

பெங்களூரில் நான் தைத்துக்கொண்டிருந்த கார்மென்ட்ஸ் கம்பெனியை மூடினார்கள். சம்பளத்தில் மாதாமாதம் காப்பீட்டுக்குப் பிடித்திருந்ததால் காப்பீட்டு ஆபீசில் மூன்று மாதம் பாதிச் சம்பளம் கொடுத்தார்கள். அதுவும் தீர்ந்தது. வேலை கிடைக்காதவர்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் நீட்டித்துத் தருவார்கள், எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு பேர், வீட்டில் சம்பாதிக்கிறவள் நான் ஒருத்திதான். எழுதிக் கொடுத்தேன்.

எங்கள் கோலார் தங்க வயலில் சுரங்கம் மூடியதிலிருந்து வேலை என்பது ரயிலில்தான் இருக்கிறது. அங்கே நந்திதுர்க் பகுதியில் இருக்கும் என் வீட்டிலிருந்து விடியும் முன் கிளம்பிப் போய் ஏறினால் லேடீஸ் பெட்டி முழுக்க எங்கள் ஆட்கள். எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறான், எவன் சம்பளத்தை இழுத்தடிக்கிறான், எந்த சூப்பர்வைசருக்கு வாய் கெட்டது, எல்லாம் பெங்களூர் போவதற்குள் தெரிந்துவிடும். வீட்டில் உட்கார்ந்திருப்பவளைத் தேடி வந்து யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் வேலை போனாலும் எங்கள் பெண்கள் சீசன் டிக்கெட்டை விடுவதில்லை. சாப்பாட்டில் குறைத்தாவது எடுப்போம். நானும் எடுத்தேன்.

நீட்டிப்புக்குக் கூப்பிட்ட அன்று காப்பீட்டு ஆபீஸ் கவுன்டரில் இருந்தவர் கேட்டார்.

"வேலை தேடறீங்களாம்மா? இன்னா ஆதாரம்?"

யோசிக்கவே இல்லை. சீசனை எடுத்து நீட்டினேன். இதைவிடப் பெரிய ஆதாரம் இல்லை என்றுதான் நினைத்தேன்.

திருப்பிப் பார்த்தார். "இது இந்த மாசத்து சீசன் ஆச்சே."

"ஆமா சார்."

"தெனம் பெங்களூர் வர்றீங்க."

"ஆமா சார். வேலை கேட்டு."

"வேலைக்குப் போறவங்கதாம்மா சீசன் எடுப்பாங்க. சும்மா இருக்கறவங்களுக்கு எதுக்கு?"

சும்மா. கேட் கேட்டாக நின்று, வயசாயிடுச்சு போம்மா என்று வாட்ச்மேன் சொல்வதைக் கேட்டுக்கொண்டு திரும்புவது சும்மா இருப்பதா?

அவர் கம்ப்யூட்டரில் தட்டினார். "வேலைல இருக்கீங்கன்னு போட்டுட்டேன். நீட்டிப்பு வராது."

எனக்குப் பின்னால் நின்றவள் என்னோடு தைத்த, பக்கத்து ஊர் பேத்தமங்களாக்காரி. தன் சீசனை மெதுவாக ஜாக்கெட்டுக்குள் தள்ளினாள். "இன்னாக்கா, கள்ள நோட்டையா காட்டிட்ட?" என்றாள் என் காதில். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எந்தக் கம்பெனியில சார்?" என்று கேட்டேன்.

"இன்னா?"

"வேலைல இருக்கேன்னு போட்டீங்களே. கம்பெனி பேர் சொல்லுங்க. போய் சம்பளம் வாங்கிக்கறேன்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. தள்ளுங்க."

"தெரியாம எப்படிப் போட்டீங்க? இவளுக்கு வேலை இருக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதி, கையெழுத்து போட்டு, சீல் வச்சுக் குடுங்க. தள்ளறேன்."

எழுந்து போய் மேலதிகாரியைக் கூட்டி வந்தார். அவரும் சீசனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுத்த தடவை சீசன் இல்லாம வாங்க, பாக்கலாம் என்றார். அதாவது, வேலை தேடுவதை நான் நிறுத்தினால், வேலை தேடுகிறவள் என்று ஒப்புக்கொள்வார்கள். சம்பளத்தில் பிடிக்கும்போது என்னிடம் யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

நான் நகரவில்லை. வரிசையில் யாரோ திட்டினார்கள். சாப்பிடப் போனவர்கள் சாப்பிட்டுத் திரும்பி வந்தார்கள். நான் அங்கேயே நின்றேன். எனக்கு வேலை இருக்கிறது என்று கையெழுத்துப் போட இரண்டு பேருக்கும் கை வரவில்லை. கடைசியில் போட்டதை அழித்துவிட்டு, விசாரணையில் இருக்கிறது என்று மாற்றினார்கள். வீட்டுக்கு ஆள் வந்து பார்ப்பாராம்.

பணம் இன்னும் வரவில்லை. ஆளும் வரவில்லை. வந்தாலும் பகலில் என் வீடு பூட்டித்தான் இருக்கும், நான் ஏதாவது ஒரு கேட்டில் நின்றுகொண்டிருப்பேன். பூட்டைப் பார்த்துவிட்டு, வேலைக்குப் போயிருக்கிறாள் என்று எழுதிக்கொண்டு போவார்கள்.