மூன்று நாள் பத்தியம்

எனக்கும் என் தம்பிக்கும் ஒரே வருஷத்தில் சர்க்கரை வந்தது. நான் கடலூரில் டீச்சர். அவன் சிதம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். சின்ன வயதிலிருந்து எல்லாவற்றிலும் போட்டி போட்டவர்கள், இதிலும் விட்டுக்கொடுக்கவில்லை பார் என்று என் கணவர் கிண்டல் செய்தார்.

சோற்றை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது என்பது என் டாக்டரின் கட்சி. நிறுத்தினால் பத்தே நாளில் வெறுத்துப்போய்ப் பழையபடி உட்கார்ந்து சாப்பிடுவீர்கள் என்றார். பதினைந்து நாளைக்கு ஒரு கரண்டி குறைக்க வேண்டும். குறைத்த இடத்தில் கீரையோ அவரைக்காயோ சுண்டலோ வைக்க வேண்டும். நாக்கும் வயிறும் மெதுவாகப் பழகட்டும். அன்று சாயங்காலமே தம்பிக்குப் போன் போட்டு இதை ஒப்பித்தேன். அவன் ஐந்து கரண்டி ஆசாமி, நான் நாலு. யார் முதலில் இரண்டுக்கு வருவது என்று பந்தயம் கட்டிக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் கூப்பிடுவான். யார் எத்தனை கரண்டியில் நிற்கிறோம் என்பதுதான் பேச்சு. நான் மூன்றுக்கு வந்த வாரம் வீட்டில் சங்கரா மீன் குழம்பு. ஒரு கிண்ணம் அவரைக்காய்ப் பொரியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தக் குழம்பைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் சோற்றுக்கு அழுகிறேன் என்று அவனிடம் சொன்னேன். அவனும் சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும் கனவில் வருவதாகச் சொன்னான். இருவரும் வெகு நேரம் சிரித்தோம்.

முதல் டெஸ்டில் அவன் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. என்னுடையது பெயருக்கு இறங்கியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் பள்ளிக்கு அதிகாரிகள் ஆய்வுக்கு வருகிறார்கள் என்றால் மூன்று நாள் முன்பிருந்தே சுவரில் சார்ட் ஒட்டுவோம், நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை முன் வரிசைக்குக் கொண்டுவருவோம். முப்பது வருஷமாக அப்படிப் பழகியவள், அடுத்த டெஸ்டுக்கும் அதையே செய்தேன். மூன்று நாள் சோற்றைத் தொடவில்லை. பாகற்காய் ஜூஸ், மோர், வெள்ளரிக்காய், இரண்டு வேளை நடை. சர்க்கரை அழகாக இறங்கிக் காட்டியது. எப்படி என்று தம்பி கேட்டான். பெருமை தாங்காமல் சொல்லிக்கொடுத்தேன்.

"டெஸ்டுக்கு மூணு நாள் முன்னாடி மட்டும் சோத்த தொடாதடா. அப்புறம் பாரு ரிசல்ட்ட."

அதற்குப் பிறகு அவன் ரிசல்டும் பிரமாதமாக வர ஆரம்பித்தது. அவனுடைய டாக்டர் பாராட்டி மாத்திரையைப் பாதியாகக் குறைத்தாராம். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

என் வித்தை இரண்டு தடவைதான் பலித்தது. மூன்றாம் தடவை என் டாக்டர் வேறொரு டெஸ்ட் எடுக்கச் சொன்னார். அது மூன்று மாதம் நாம் இருந்த லட்சணத்தைக் காட்டிக்கொடுத்துவிடுமாம். காட்டிக்கொடுத்தது. யாரை ஏமாற்றுகிறீர்கள் டீச்சர் என்று கேட்டார். தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து ஒழுங்காக, மெதுவாக, இரண்டு கரண்டிக்கு வந்து சேர்ந்தேன்.

அன்றைக்கே தம்பியிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்த டெஸ்டை நீயும் எடு என்று ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. டாக்டரிடம் மாட்டிக்கொண்டு திட்டு வாங்கியதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று வெட்கம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று நாலைந்து மாதம் தள்ளிக்கொண்டே போனேன். அவன் இரண்டு கரண்டியில் நிற்பதாக வாராவாரம் சொல்லிக்கொண்டிருந்தான். நானும் நம்பினேன்.

ஒரு நாள் காலையில் கடை ஷட்டரைத் தூக்கியவன், வேர்க்கிறது என்று படியில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்துக் கடைக்காரர்கள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் பஸ்ஸில் புதுச்சத்திரம் தாண்டும்போது என் கணவரின் போனுக்குச் செய்தி வந்துவிட்டது. அவர் என்னிடம் சொல்லவில்லை. சிதம்பரம் வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். நெஞ்சு வலிகூடத் தெரியாமல் மாரடைப்பு வந்திருக்கிறது, சர்க்கரை நாள்பட ஏறிக் கிடந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இரண்டு கரண்டிக்கு வந்தவனுக்கு எப்படி ஏறும் என்று அங்கே நின்று சண்டை போட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவன் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்தோம். வடை, பாயசத்தோடு அவனுக்குப் பிடித்த கொத்சும் வைத்தோம். சோறு வைக்கிற வேலை எனக்கு. இரண்டு கரண்டி வைத்ததும் கை தானாக நின்றுவிட்டது. தம்பி மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னும் வைங்க அண்ணி. அவுரு எப்பவும் போல அஞ்சு கரண்டிதான் சாப்டுவாரு. டெஸ்டுக்கு மூணு நாள் முன்னாடிதான் பத்தியம். நீங்க சொல்லிக் குடுத்ததாமே. எங்க அக்கா மூளையே தனின்னு எல்லார்கிட்டயும் சொல்லுவாரு."

அவள் குத்திக் காட்டவில்லை. அவன் என்னைப் பற்றிப் பெருமைப்பட்டதை எனக்கு ஆறுதலாகச் சொன்னாள். மீதி மூன்று கரண்டியையும் வைத்தேன். அந்த வித்தை பலிக்காது என்று எனக்கு முன்பே தெரியும் என்றோ, அதை அவனிடம் மறைத்தேன் என்றோ இன்றுவரை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போதும் இரண்டு கரண்டிதான் சாப்பிடுகிறேன். டெஸ்டுக்கு முன்பும் அதேதான், கூடவும் இல்லை, குறைவும் இல்லை. போன மாதம் டாக்டர் மூன்று மாத ரிசல்டைப் பார்த்துவிட்டு, நல்லா இருக்கீங்க டீச்சர் என்றார். வெளியே வந்ததும் பழக்கத்தில் கை போனை எடுத்தது. தம்பி நம்பரை நான் இன்னும் அழிக்கவில்லை. முதல்முறையாக அவனை நிஜமாகவே ஜெயித்திருந்தேன்.