தகரம் கடிக்கும் கருவி

ராசா என்ற ஊரில் ஒரு பழைய இரும்புக் கடையில் அண்ணி அதைக் கையில் எடுத்தபோது அது வெறும் துருப்பிடித்த இரும்புக் கட்டி. பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. ஏதோ தோட்டத்துப் பட்டறையை இடித்தபோது வந்தது, தையல் இயந்திரத்தின் பாகமாக இருக்கலாம் என்றார் கடைக்காரர். அண்ணி அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தண்டைக் கட்டைவிரலால் தடவினார். சம இடைவெளியில் மூன்று கீறல்கள். "டிரில் வாய் கடிச்ச தடம், தம்பி. டிரில்ல மாட்டி ஓட்டுற சாமான் இது," என்று கூடப் போயிருந்த என்னிடம் சொன்னார்.

ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் பாகங்களைச் சோதித்துப் பழகிய கண்கள் அவருடையவை. அந்தத் தொழிற்சாலையை மூடிய பிறகு, டிரில்லில் மாட்டி ஓட்டும் பழைய ரம்பம், சாணைக்கல் என்று தேடித் தேடி வாங்கிச் சீர்செய்தார். பத்தாங் காலியில் இருக்கும் வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகை நிறைந்துவிட்டது. அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "இதுல ஒண்ணாவது வீட்டுக்கு ஒதவுதா? சனிக்கிழமை பழைய இரும்பு எடுக்க லோரி வருது, எல்லாத்தையும் ஏத்திடுவேன்," என்றார்.

"சனிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கு லா," என்று மட்டும் சொன்னார் அண்ணி.

நானும் மெக்கானிக்தான். தண்டைச் சுற்றினால் உள்ளே ஒரு கம்பி மேலும் கீழும் போவதைப் பார்த்துவிட்டு, இது தண்ணீர் இறைக்கும் பம்பு என்று அடித்துச் சொன்னேன். அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, உறைந்துபோன கிரீஸை ஊசியால் சுரண்டினார். நறுக்கிய நகம் போல, பிறை வடிவத்தில் சின்னச் சின்னத் தகரத் துணுக்குகள் உதிர்ந்தன. "பம்பு எதுக்குத் தம்பி தகரத்தத் திங்குது?" என்று கேட்டார். தகரத்தைக் கடித்துக் கடித்து வெட்டும் கருவி அது. மழுங்கியிருந்த கம்பி முனையை அன்றே தீட்டி, ஒரு பிஸ்கட் டின் மூடியில் ஓட்டிப் பார்த்தார். வெட்டு நேராகப் போயிற்று.

சனிக்கிழமை காலை அண்ணன் கொட்டகைக்கு வெளியே லோரிக்காகக் காத்து நின்றார். உள்ளே அண்ணி சுவரில் கட்டமாகக் கோடு போட்டார். மூலையில் ஓர் ஓட்டை போட்டுக் கருவியை நுழைத்தார். நெளிநெளியான தகரத்தில் அது ஏறி இறங்கிப் பிசகாமல் போயிற்று. வெட்டிய தகடு வெளியே விழுந்ததும் இருண்ட கொட்டகைக்குள் வெயில் வந்தது. அண்ணன் குனிந்து, வெட்டிய விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்தார். எங்கும் நசுங்கவில்லை. லோரிக்காரருக்கு அவரே போன் செய்து வர வேண்டாம் என்றார். பிறகு அந்தத் திறப்பு வழியாக அண்ணியைப் பார்த்து, "எதிர்ச் சுவர்லயும் ஒண்ணு வெட்டேன், காத்து வரும்," என்றார்.

இன்று பழைய சாமான் சேர்ப்பவர்கள் எங்கெங்கிருந்தோ படம் அனுப்பி, இது என்ன கருவி என்று அண்ணியிடம் கேட்கிறார்கள். கொட்டகைக்கு இப்போது நான்கு சன்னல்கள். மூன்று நேராக இருக்கும். நான்காவது கொஞ்சம் கோணல். அது அண்ணன் வெட்டியது.